எச்சரிக்கைக்கு முன்பே புறப்பட வேண்டியவர்கள்

2016 ஆகஸ்ட் 30 அன்று ஜப்பானின் இவாய்சுமி நகரில் புயல் மழையால் ஆறு பெருக்கெடுத்து, மறதி நோயாளிகள் தங்கியிருந்த ஓர் இல்லத்துக்குள் புகுந்தது. ஒன்பது முதியவர்கள் இறந்தார்கள். அன்று காலையிலேயே நகராட்சி வெளியேற்றத்துக்கான ஆயத்த அறிவிப்பைக் கொடுத்திருந்தது. மற்றவர்களுக்கு அது பையைக் கட்டி வைக்கும் நேரம். முதியவர்களும் உடல் இயலாதவர்களும் உடனே கிளம்ப வேண்டிய நேரம். இல்லத்தை நடத்தியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கவில்லை. பிறகு ஜப்பான் அந்த அறிவிப்பின் பெயரையே மாற்றியது. 2021 முதல் அங்குள்ள ஐந்து படி எச்சரிக்கையில் மூன்றாம் படி முதியவர்களும் உதவி தேவைப்படுவோரும் வெளியேறுவதற்கு. நான்காம் படி மற்ற எல்லோருக்கும்.

அந்த இரண்டு படிகளுக்கும் நடுவில் இருக்கும் சில மணி நேரத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. பேரிடர்த் திட்டங்கள் பெரும்பாலும், காது கேட்கும், கண் தெரியும், படியிறங்க முடியும், இரண்டு நாள் மருந்தில்லாமல் தாங்கும் ஒருவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. மற்றவர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் 'சிறப்புக் கவனம் செலுத்தப்படும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியால் யாரையும் படியிறக்க முடியாது. இவர்களுக்கான திட்டம் இரண்டு கணக்குகளில் நிற்கிறது. ஒன்று, எத்தனை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்பது. இன்னொன்று, இவர்களை உயிரோடு வைத்திருக்கும் பராமரிப்பு இவர்களோடு வண்டியில் ஏறியதா என்பது. இரண்டாவது கணக்குதான் அதிகம் தவறுகிறது.

யார் யார் என்ற கணக்கு

'மாற்றுத்திறனாளிகள் 30 பேர், முதியோர் 120 பேர்' என்ற பட்டியலை வைத்து ஒரு வண்டியைக்கூட ஏற்பாடு செய்ய முடியாது. எழுபத்தைந்து வயதில் தானே படியிறங்கி வருபவரும் இருப்பார். நாற்பது வயதில் வென்டிலேட்டரில் இருப்பவரும் இருப்பார். நோயின் பெயரை விட்டுவிட்டு, அந்த நபருக்கு என்ன தேவை என்று கேட்பதே பயன்தரும். எச்சரிக்கையைக் கேட்கவோ படிக்கவோ புரிந்துகொள்ளவோ முடியுமா? படுக்கையிலிருந்து வாசல் வரை வர எத்தனை பேர் வேண்டும்? வண்டியில் உட்கார முடியுமா, படுத்துத்தான் வர வேண்டுமா? மின்சாரத்தில் ஓடும் கருவி எது, அது நின்றால் எத்தனை நேரம் தாங்கும்? தவறவே கூடாத மருந்தோ சிகிச்சையோ எது, அடுத்த வேளை எப்போது? உடன் இருப்பவர் யார், அவர் வெளியூரில் இருந்தால் அடுத்து யார்? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தால் நோயின் பெயர் தெரியாமலேயே திட்டம் போடலாம்.

தற்காலிகமாக இந்த நிலையில் இருப்பவர்கள் எப்போதும் விடுபட்டுப் போகிறார்கள்: நிறைமாதக் கர்ப்பிணி, இடுப்பெலும்பு அறுவை முடிந்து பத்து நாள் ஆனவர், கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவர். எந்தப் பதிவேட்டிலும் இவர்கள் பெயர் இருக்காது.

பதிவேட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானில் 2013 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உதவி தேவைப்படுவோரின் பட்டியலை உள்ளாட்சிகள் வைத்திருப்பது கட்டாயம். 2021 திருத்தம், ஒவ்வொருவருக்கும் தனித்தனி வெளியேற்றத் திட்டம் தயாரிக்க முயலும் பொறுப்பையும் அவற்றிடம் கொடுத்தது. பட்டியலிலிருந்து தனித் திட்டத்துக்குப் போனதுதான் இதில் முக்கியமான அடி. பட்டியலில் பெயர் இருப்பவர், 'எனக்காக யாரோ வருவார்கள்' என்று நம்பி வீட்டிலேயே காத்திருப்பார். வருவது யார், எந்த வண்டியில், எங்கே கூட்டிப்போவார் என்று எழுதப்படவில்லை என்றால் அந்த நம்பிக்கையே அவரை ஆபத்தில் மாட்டிவிடும். ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு உதவியாளர்கள் வேண்டும். அவர்களில் ஒருவராவது நடந்து வரும் தொலைவில் இருக்க வேண்டும், ஏனென்றால் முதலில் அடைபடுவது சாலைதான். பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டுச் சரிபார்க்காவிட்டால், இறந்தவர் வீட்டுக்கும் இடம் மாறியவர் வீட்டுக்கும் மீட்புப் படகு போகும். விவரங்களை யாரிடம் பகிரலாம் என்ற ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு ஒப்புதல் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

கடிகாரத்தைப் பின்னோக்கிப் பார்ப்பது

ஓர் இல்லத்தில் 40 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 8 பேர் படுக்கையில், 14 பேர் சக்கர நாற்காலியில், 18 பேர் கைப்பிடித்தால் நடப்பார்கள். படுக்கையில் இருப்பவரை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி, வண்டியில் ஏற்றிப் பட்டை போட ஒருவருக்கு 15 நிமிடம் ஆகும் என்று கொள்வோம். சக்கர நாற்காலியை ஏற்றி நான்கு மூலையிலும் கட்ட 8 நிமிடம். நடப்பவருக்கு 3 நிமிடம். மொத்தம் 120, 112, 54 என 286 நிமிடம். இரண்டு குழுக்கள் வேலை செய்தால் ஏற்றுவதற்கு மட்டும் சுமார் இரண்டரை மணி நேரம். இது இடறல் ஏதும் இல்லாமல் நடந்தால்.

ஆனால் நேரத்தை விழுங்குவது ஏற்றும் வேலையல்ல, வண்டிதான். படுக்கை நோயாளிகள் எட்டுப் பேருக்கு இரண்டு ஆம்புலன்ஸ்கள். ஒரு நடைக்கு ஒருவர். போய்ச் சேரும் இடம் 45 நிமிடத் தொலைவு. போக, வர 90 நிமிடம், ஏற்றி இறக்க 30 நிமிடம் என ஒரு நடைக்கு இரண்டு மணி நேரம். ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு நடை. கடைசி நடையில் திரும்ப வேண்டியதில்லை என்பதைக் கழித்தால் 7 மணி 15 நிமிடம். மாலை 6 மணிக்குக் காற்று வண்டி ஓட்ட முடியாத வேகத்தை எட்டும் என்றால், கடைசி வண்டி 4 மணிக்காவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் முதல் வண்டி காலை 8:45-க்குக் கிளம்ப வேண்டும். ஊரே வெளியேறும் நாளில் சாலை நேரம் இரட்டிப்பாகும் என்று வைத்தால் அதே கணக்கு பன்னிரண்டரை மணி நேரமாகிறது. முதல் வண்டி அதிகாலை 3:30-க்குக் கிளம்ப வேண்டும். மருந்து கட்ட, உடை மாற்ற, உணவு கொடுக்க, குடும்பங்களுக்குச் சொல்ல மூன்று மணி நேரம் வேண்டும். ஆக, முடிவெடுக்க வேண்டியது நள்ளிரவு தாண்டியதும். இருட்டில் மறதி நோயாளிகளை எழுப்பிக் கிளப்புவதைத் தவிர்க்க விரும்பினால், முந்தைய நாள் மதியத்துக்குள்.

முந்தைய நாள் மதியம் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். முன்கணிப்பு பிசகி, புயல் வேறு பக்கம் போகவும் வாய்ப்பு உண்டு. 'இவ்வளவு சீக்கிரம் எதற்கு' என்று எல்லோரும் கேட்பார்கள். அதனால்தான் முடிவை அந்த நேரத்தின் மனநிலைக்கு விடாமல், 'இந்த அளவு மழை முன்கணிப்பு வந்தால், ஆற்றில் இந்த மட்டம் வந்தால், இந்த நேரத்துக்குள் இன்னார் உத்தரவு போடுவார். அவர் இல்லையென்றால் இன்னார்' என்று முன்பே எழுதி வைக்க வேண்டும். வீணாகக் கிளம்பிய ஒரு நாளுக்காக அவரை யாரும் குற்றம் சொல்லக் கூடாது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். காற்றைப் பொறுத்தவரை, தொடர்ந்து மணிக்கு 60–65 கிலோமீட்டரைத் தாண்டினால் பல இடங்களில் மீட்பு வண்டிகளே நிறுத்தப்படும். பிறகு கூப்பிட்டாலும் யாரும் வர மாட்டார்கள்.

வீட்டிலிருக்கும் ஒருவருக்கும் இதே கணக்குதான். படியிறக்க 20 நிமிடம், வண்டி வர ஒரு மணி நேரம், கருவிகளைக் கழற்றிக் கட்ட 40 நிமிடம் என்று ஒருமுறை அளந்து பார்த்து எழுதி வைத்தால் போதும்.

போவதா, இருப்பதா

வெளியேற்றமே ஒரு மருத்துவ ஆபத்து. இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு திட்டமிட வேண்டும். 2005-இலும் 2008-இலும் அமெரிக்க வளைகுடாக் கரையைத் தாக்கிய நான்கு சூறாவளிகளின்போது, கடுமையான மறதி நோயுடன் இல்லங்களில் இருந்தவர்களை ஆராய்ந்தார்கள். இடம் மாற்றப்பட்டவர்களிடம் அடுத்த 30, 90 நாட்களில் இறப்பு கூடியிருந்தது. 2011 ஃபுகுஷிமா அணுவுலை விபத்துக்குப் பின் மினாமிசோமா பகுதியின் ஐந்து முதியோர் இல்லங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் இறப்பு விகிதம், விபத்துக்கு முன்பிருந்ததைப்போல் சுமார் 2.7 மடங்கானது. ஆனால் ஐந்து இல்லங்களிலும் நிலைமை ஒன்றாக இல்லை. எப்படிக் கொண்டுபோனார்கள், போன இடத்தில் பராமரிப்பு எப்படித் தொடர்ந்தது என்பதைப் பொறுத்து இறப்பு மாறியது. அதே விபத்தில் ஃபுதாபா மருத்துவமனையின் படுக்கை நோயாளிகளைப் பேருந்தில் உட்காரவைத்து, நேர்வழி அடைபட்டிருந்ததால் சுற்றுவழியில் பல மணி நேரம் கொண்டுபோய், ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் இறக்கினார்கள். மருத்துவமனையிலும் அதைச் சேர்ந்த முதியோர் நிலையத்திலும் இருந்தவர்களில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சல்ல. சொட்டுநீர் (டிரிப்ஸ்) ஏறவில்லை, குளிர் தாக்கியது, உடன் வரச் செவிலியர் இல்லை, நோயாளியைப் பற்றிய குறிப்பும் இல்லை.

இதைப் படித்துவிட்டு 'அசையாமல் இருப்பதே நல்லது' என்று முடிவு கட்டுவதும் அதே அளவு கொடியது. 2005 கத்ரீனா சூறாவளியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸுக்கு அருகே, வெளியேறாமல் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் 35 பேர் மூழ்கினார்கள். 2017 இர்மா சூறாவளியில் ஃபுளோரிடாவின் ஹாலிவுட் நகரிலிருந்த ஓர் இல்லத்தில் குளிர்சாதனத்துக்கு மின்சாரம் போய்ச் சில நாட்களில், வெக்கையால் 12 பேர் இறந்தார்கள். மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தது. அதன் பிறகு அந்த மாநிலம், மின்சாரம் போனாலும் 96 மணி நேரத்துக்கு உள்வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் வைத்திருக்கும் ஜெனரேட்டர் ஏற்பாடு இல்லங்களுக்கு வேண்டும் என்று விதி கொண்டுவந்தது.

ஆகவே கேள்வியை இப்படிப் பிரிப்பது நல்லது. தண்ணீர், கடல் அலை, காட்டுத்தீ, நிலச்சரிவு வரும் இடம் என்றால் போயே ஆக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் என்பது மட்டுமே கேள்வி. கட்டடம் நிற்கும், தண்ணீர் தரைத்தளத்தைத் தாண்டாது என்பது உறுதியாகத் தெரிந்தால், மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டு இருப்பது பல நேரம் பாதுகாப்பானது. அதற்கும் நிபந்தனை உண்டு: குறைந்தது நான்கு நாளுக்கு மின்சாரம், எரிபொருள், குடிநீர், மருந்து, மாற்று ஆட்கள். ஜெனரேட்டர் அடித்தளத்தில் இருந்தால் அதைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. எரிபொருள் தொட்டியும் மின்மாற்றுப் பலகையும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா என்று போய்ப் பார்க்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது.

வண்டி

ஒப்பந்தத்தில் எட்டு ஆம்புலன்ஸ் என்று இருக்கும். அதே எட்டு வண்டிகளைப் பக்கத்து மருத்துவமனையும் இன்னும் மூன்று இல்லங்களும் தங்கள் திட்டத்தில் எழுதியிருக்கும். புயல் வரும் நாளில் வண்டி நிறுவனத்தின் தொலைபேசி எடுக்கப்படாது. இது அரிதாக நடப்பதல்ல. பெரிய வெளியேற்றங்களில் மறுபடி மறுபடி நடப்பது. மாவட்ட அளவில் யாரோ ஒருவர் எல்லா இல்லங்களின் திட்டங்களையும் ஒன்றாக வைத்து, ஒரே வண்டி எத்தனை இடத்தில் எண்ணப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தம் போடும்போது, 'எங்களையும் சேர்த்து எத்தனை பேருக்கு இதே நாளில் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். ஓட்டுநர்களும் ஊழியர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். தம் வீட்டார் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று தெரியாமல் யாரும் வேலையில் நிற்க மாட்டார்கள். ஊழியரின் குடும்பத்துக்கும் போய்ச் சேரும் இடத்தில் தங்க வசதி செய்து கொடுக்கும் இல்லங்களில்தான் ஆட்கள் கடைசி வரை இருப்பார்கள்.

2005 செப்டம்பர் 23 அன்று ரீட்டா சூறாவளிக்கு முன் டெக்சாஸில் ஒரு முதியோர் இல்லத்தினரை ஏற்றிச் சென்ற பேருந்து வழியில் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். பின்சக்கரத் தாங்கியில் (பேரிங்) மசகு போதாமல் சூடேறித் தீ தொடங்கியது. உள்ளே ஆக்சிஜன் சிலிண்டர்கள் இருந்தன. நெரிசலில் பல மணி நேரம் ஊர்ந்து கொண்டிருந்த பேருந்து அது. பெரும்பாலானோரால் தாமாக இறங்க முடியவில்லை. இங்கிருந்து கற்க வேண்டியவை திட்டவட்டமானவை. வண்டியை முந்தைய வாரமே சோதிக்க வேண்டும். புறப்படும் நாளில் கிடைத்ததை ஏற்றுக்கொள்ளக் கூடாது. தாமாக எழ முடியாதவர்களைக் கதவுக்கு அருகில் உட்காரவைக்க வேண்டும். உதவியாளர் விகிதத்தை, இறக்குவதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஏற்றுவதற்குத் தேவைப்படும் எண்ணிக்கையை வைத்து அல்ல. பயணத்தில் தேவைப்படாத சிலிண்டர்களைத் தனிச் சரக்கு வண்டியில் அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பவை உருளாமல் கட்டப்பட்டு, பயன்படுத்தாதவற்றின் வால்வு மூடப்பட்டிருக்க வேண்டும்.

சக்கர நாற்காலியைக் கட்டும் பட்டை வேறு, ஆளைக் கட்டும் பெல்ட் வேறு. நாற்காலியை மட்டும் கட்டிவிட்டால் பிரேக் போடும்போது ஆள் பறந்துவிடுவார். நாற்காலியும் அதன் மெத்தையும் உரியவரோடு அதே வண்டியில் போக வேண்டும். 'பிறகு அனுப்புகிறோம்' என்றால் அவை தொலைந்துபோகும். சொந்த நாற்காலி இல்லாமல் முகாமில் இறங்குபவர், தானாகச் செய்துவந்த எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டியதாகிவிடும். இரண்டு நாளில் படுக்கைப் புண்ணும் வரும். நீண்ட பயணத்தில் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்ட வேண்டும். உட்கார்ந்திருப்பவர் அரை மணிக்கு ஒருமுறை எடையை மாற்ற வேண்டும். இதற்காக எங்கே நிற்பது என்பதும் பயணத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

ஆக்சிஜன், மின்சாரம், மருந்து

ஆக்சிஜன் கணக்கு எளியது. சிலிண்டரில் உள்ள லிட்டரை, நிமிடத்துக்கு ஓடும் லிட்டரால் வகுக்க வேண்டும். 1500 லிட்டர் கொள்ளும் சிலிண்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம் வரும். 4 லிட்டர் வீதம் ஆறேகால் மணி நேரம். மானியில் அழுத்தம் பாதியாக இருந்தால் கால அளவும் பாதி. இதில் கால் பங்கைக் கையிருப்பாகக் கழித்துவிட்டு, ஆறு மணி நேரப் பயணத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கான ஆக்சிஜன் எடுத்துப் போக வேண்டும். மூச்சுத் திணறுவதைப் பார்த்துப் பதறி உடன் இருப்பவர் அளவைக் கூட்டிவிடுவதுண்டு. சிலிண்டர் சீக்கிரம் தீர்வதோடு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு அதிக ஆக்சிஜனே ஆபத்தாகும். மருத்துவர் சொன்ன அளவைச் சிலிண்டரிலேயே எழுதி ஒட்டி வைப்பது நல்லது. சிலிண்டரைத் திறக்கும் சாவியும் ரெகுலேட்டரும் அதோடு கட்டியே இருக்க வேண்டும். சாவி இல்லாத நிறை சிலிண்டரால் பயனில்லை.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் வீட்டு மின்கருவியான கான்சென்ட்ரேட்டரை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவோர் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கருவி சுமார் 350 வாட் எடுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1200 வாட்-மணி இருக்கிறது. ஈய பேட்டரியில் பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம்: 600. இன்வெர்ட்டர் இழப்பு 15 சதவீதம் போக 510. ஒன்றரை மணி நேரம்கூட வராது. காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் சுமார் 120 வாட்தான் கிடைக்கும். அது இந்தக் கருவியை ஓட்டாது. ஆகவே கான்சென்ட்ரேட்டர் வைத்திருப்பவர் வீட்டில் ஒரு நிறை சிலிண்டர் எப்போதும் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் என்றால் வெளியே, சன்னலிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி. புயலை விட, புயலுக்குப் பிறகு ஓட்டிய ஜெனரேட்டரின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு பல வீடுகளில் உயிரை எடுத்திருக்கிறது.

மின்சாரம் இல்லாதபோது கையால் செய்யும் வழி ஒவ்வொரு கருவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். வென்டிலேட்டருக்குக் கையால் அழுத்தும் காற்றுப் பை. சளி உறிஞ்சும் கருவிக்குக் காலால் மிதித்து இயக்குவது. குழாய் உணவுக்குப் பம்ப் இல்லாமல் சிரிஞ்சில் மெல்ல இறங்கவிடுவது. தொண்டைக் குழாய் வைத்தவருக்கு அதே அளவில் ஒன்றும் ஓர் அளவு சிறியதாக ஒன்றும் மாற்றுக் குழாய். காற்று மெத்தை மின்சாரம் போனதும் தட்டையாகிவிடும் என்பதால், மாற்றாகத் தடித்த நுரை மெத்தை.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு நேரமே மருந்து. வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் சுமார் நான்கு மணி நேரம் என்ற சுழற்சியில் ஒரு முறை தவறினால் பொட்டாசியமும் நீரும் சேர்ந்து இதயம் நின்றுபோகலாம். புயல் வருவது தெரிந்தால், முறை வராவிட்டாலும் முந்தைய நாளே டயாலிசிஸ் செய்துவிட வேண்டும். 2012 சாண்டி சூறாவளிக்கு முன் இப்படிச் செய்துகொண்டவர்களுக்கு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போவதும், மருத்துவமனையில் சேர்வதும், அடுத்த 30 நாட்களில் இறப்பதும் குறைந்திருந்தன. இதில் செலவு அதிகமில்லை. மையங்கள் ஒருநாள் முன்னதாகக் கூடுதல் நேரம் ஓட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த முறை தள்ளிப்போகும் என்றால் திரவத்தை நாளுக்குச் சுமார் அரை லிட்டராகக் குறைப்பது, உப்பையும் பொட்டாசியம் மிகுந்த பழங்களையும் ஒதுக்குவது என்ற மூன்று நாள் உணவு முறையை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி வைத்திருக்க வேண்டும். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவருக்கு எடையே சிக்கல். 2 லிட்டர் பை நான்கு என்றால் நாளுக்கு 8 கிலோ. ஐந்து நாளுக்கு 40 கிலோ. அதற்கும் வண்டியில் இடம் ஒதுக்க வேண்டும்.

மருந்து குறைந்தது ஏழு நாளுக்கு, முடிந்தால் பதினான்கு நாளுக்கு. பெட்டியில் வணிகப் பெயரோடு மூலப் பெயரும் எழுதியிருக்க வேண்டும்; வேறு ஊரில் வேறு பெயரில்தான் அது கிடைக்கும். எல்லா மருந்தும் ஒரே தரமல்ல. கொழுப்பு மாத்திரை இரண்டு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வலிப்பு மருந்து, நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டு, பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா, இதயத்துக்கான பீட்டா தடுப்பான் ஆகியவற்றைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இவற்றுக்குச் சிவப்பு மையில் அடையாளம் போட்டு, உரியவரின் உடலோடு இருக்கும் பையில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். பனிக்கட்டி நேராகப் பட்டு உறைந்தால் கெட்டுவிடும். பலர் பயந்துபோய் அதையே செய்கிறார்கள்.

படியிறக்குவது

மின்தூக்கி நின்ற பிறகு ஒருவரைப் படியிறக்க வழி பல. சறுக்கிக்கொண்டு இறங்கும் பட்டை உள்ள வெளியேற்ற நாற்காலி இருந்தால் பயிற்சி பெற்ற ஒருவரோ இருவரோ போதும். கைச் சக்கர நாற்காலியைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வலுவானவர் பின் கைப்பிடியிலும் ஒருவரோ இருவரோ முன்பக்கச் சட்டத்திலும் பிடித்து இறக்கலாம். கால்தாங்கியையும் கைதாங்கியையும் பிடிக்கக் கூடாது, அவை கழன்று வரும்படி செய்யப்பட்டவை. மின்சார நாற்காலி ஆளில்லாமலேயே நூறு கிலோவைத் தாண்டக்கூடும். அதைப் படியில் தூக்க முயல வேண்டாம். தீயணைப்பு வீரர் பாணியில் தோளில் போட்டுக்கொள்வது நெஞ்சில் அழுத்தும். நுரையீரல் நோய், முதுகெலும்புச் சிக்கல், வயிற்றுக் குழாய் உள்ளவருக்கு ஆகாது. எந்த முறையானாலும் முதலில் அவரைக் கேட்க வேண்டும். தன் உடலை எப்படித் தூக்கினால் வலிக்காது என்பது அவருக்குத்தான் தெரியும். சிறுநீர்ப் பை இருந்தால் காலி செய்து, காலோடு கட்டிக்கொண்டு தூக்க வேண்டும். தொங்கவிட்டால் எங்காவது மாட்டி இழுபடும்.

பார்வையற்றவரைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. முழங்கையை நீட்டினால் அவர் பிடித்துக்கொள்வார். படி ஏறுகிறதா இறங்குகிறதா என்று வாயால் சொல்ல வேண்டும். காது கேளாதவருக்குச் சைரனும் ஒலிபெருக்கியும் இல்லாததற்குச் சமம். ஒளிரும் விளக்கு, தலையணைக்கடியில் அதிரும் கருவி, குறுஞ்செய்தி, கதவைத் தட்டி எழுப்பப் பொறுப்பேற்ற ஒரு பக்கத்து வீட்டுக்காரர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு வேண்டும். காதுக் கருவிக்கான சிறு பேட்டரி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிடும். மாற்றுப் பேட்டரி பையில் இருக்கட்டும். மறதி நோயாளியிடம் புயல், வெள்ளம் என்று விளக்கி வாதாடினால் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். தெரிந்த முகம் ஒன்று கையைப் பிடித்து, 'வாங்க, போகலாம்' என்பதே வேலை செய்யும். அந்த முகம் வழியெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். பெயரும் தொடர்பு எண்ணும் பையில் இருந்தால் போதாது, பையைக் கழற்றி வைத்துவிடுவார். உடையின் உட்புறத்தில் தைத்திருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்த இடம்

முகாமில் ஊழியர் முதலில் கேட்பது, 'இவருக்கு என்ன மருந்து?' என்பது. அதற்கான விடை ஒரே தாளில் இருக்க வேண்டும்: பெயர், நோய், மருந்தும் வேளையும், ஒவ்வாமை, எப்படிப் பேசினால் புரியும், எப்படித் தூக்க வேண்டும், விழுங்க முடியுமா, யாரைக் கூப்பிட வேண்டும். நனையாத உறையில் மூன்று நகல்: ஒன்று உடலில், ஒன்று பையில், ஒன்று ஊரில் இல்லாத உறவினரிடம். இல்லங்கள் ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு, எந்த எண் வண்டியில், எங்கே போனார் என்று தாளில் எழுதி அந்த இடத்திலேயே உறுதி செய்ய வேண்டும். கத்ரீனாவுக்குப் பிறகு குடும்பங்கள் தங்கள் முதியவர்களை மாநிலம் மாநிலமாகத் தேடின.

தரையில் விரித்த பாயிலிருந்து பல முதியவர்களால் எழ முடியாது. கட்டில் உயரம் 45–50 சென்டிமீட்டர் வேண்டும். சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவைத் தாண்டக் கூடாது. கதவு 80 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சக்கர நாற்காலி நுழையாது. படுக்கைக்கும் கழிவறைக்கும் இடையே தூரம் அதிகமானால் முதியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். இரண்டு நாளில் நீரிழப்பு, குழப்பம், விழுதல். இரைச்சல் தாங்க முடியாத மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள குழந்தைக்கும் மறதி நோயாளிக்கும் ஒரு சிறு அமைதியான அறை ஒதுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். பராமரிப்பவரைப் பிரித்து 'ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி' என்று அனுப்பக் கூடாது. அவரைப் பிரிப்பது சிகிச்சையை நிறுத்துவதற்குச் சமம். சாதாரண முகாமிலேயே இவர்களுக்கு இடம் செய்வதுதான் சரி. 'சிறப்பு முகாம்' என்று தூரத்தில் ஒன்று வைத்தால் குடும்பங்கள் பிரியும், பலர் வரவே மாட்டார்கள். தொடர்ந்து செவிலியர் தேவைப்படுவோருக்கு மட்டும் மருத்துவ முகாம்.

இவை எல்லாவற்றையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது உண்மையான ஆட்களோடு செய்து பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் ஊழியரை உட்காரவைத்து நடத்தும் ஒத்திகை, கதவு குறுகலாக இருப்பதைக் காட்டும்; அந்தச் சாய்வில் மூச்சு முட்டுகிறது என்பதைக் காட்டாது. திட்டம் எழுதும் மேசையிலும் இவர்கள் உட்கார வேண்டும். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு, பேரிடரில் இவர்களைப் பாதுகாப்பதை அரசின் கடமையாக வைத்திருக்கிறது. அந்தக் கடமை நிறைவேறியதா என்பதை இவர்கள்தான் சொல்ல முடியும்.

திரும்பி வருவதும் ஒரு வெளியேற்றம்தான். அதற்கு யாரும் திட்டம் போடுவதில்லை. தண்ணீர் வடிந்ததும் முகாமை மூடிவிடுவார்கள், ஆனால் நான்காம் மாடிக்கு மின்தூக்கி ஓடாது, கான்சென்ட்ரேட்டருக்கு மின்சாரம் வராது, வீட்டு வேலைக்கு வந்தவர் தன் வீட்டையே இழந்திருப்பார். அனுப்புவதற்கு முன், மின்சாரம் ஒரு முழு நாளாவது தடையில்லாமல் வந்ததா, குடிநீர் பாதுகாப்பானதா, டயாலிசிஸ் மையமும் மருந்துக்கடையும் திறந்தனவா, வாசலிலிருந்து படுக்கை வரை சேறும் கம்பியும் இல்லாமல் வழி இருக்கிறதா, அன்றிரவு உடன் தங்க ஆள் இருக்கிறாரா என்று ஒருவர் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். மறுநாளும் மூன்றாம் நாளும் ஒரு தொலைபேசி அழைப்பு. எடுக்கவில்லை என்றால் நேரில் ஒருவர்.